நுஹாவின் தட்டு

நான் ஓய்வு பெற்ற அன்று நிலையத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பேசின எல்லாரும் ஒரே பொய்யைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். ராணி டீச்சர் பொறுமையின் சிகரமாம். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பொறுமை கிடையாது. சுருக்கென்று கோபம் வரும், வாய் சும்மா இருக்காது, பிறகு வீட்டுக்கு வந்து அழுவேன். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் பொறுமைசாலியாகத்தான் இருப்பாள் என்று யார் கிளப்பி விட்டார்களோ தெரியாது.

போன வாரம் கீதா போனில் கோல் எடுத்தாள். என் இடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் எல்லாவற்றுக்கும் அவசரம்.

"டீச்சர், புதுசா வந்த பையன் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறான். எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். ஏதாவது டெக்னிக் இருந்தா சொல்லுங்களேன்."

"எல்லாம்னா என்னா?"

"எல்லாம்தான் டீச்சர்."

"எல்லாத்தையும் செஞ்சிருந்தா அவன் சாப்பிட்டிருப்பானே!"

பாவம், "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டாள். போனை வைத்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அவளுக்குச் சொல்ல என்னிடம் டெக்னிக் ஒன்றும் இல்லை. நுஹா என்று ஒரு பிள்ளையின் கதைதான் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசி வரைக்கும் விளங்கவில்லை. "ஊனமான புள்ளைங்களுக்கு ஆயா வேலைதானே?" என்று ஒரு கலியாண வீட்டில் கேட்ட பெரியம்மா மகளுக்கு நான் கொடுத்த பதிலை அச்சில் போட முடியாது. கண்டி டவுனை விட்டு மலைப் பக்கமாக ஏறும் ஒரு சின்ன ரோட்டில் எங்கள் நிலையம் இருக்கிறது. நடை பிந்தின பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், விளக்கம் மெதுவாக வருகிற பிள்ளைகள் என்று பலரும் எங்களிடம் வருவார்கள். மூன்று, நாலு வயது வரைக்கும் நாங்கள் அவர்கள் வீட்டுக்கே போய்த் தாய்மாருக்குப் பழக்கிக் கொடுப்போம். அதற்குப் பிறகு நிலையத்தில் இருக்கிற முன்பள்ளி வகுப்புக்கு அவர்களைக் கொண்டு வர வேண்டும். வீட்டிலிருந்து வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வந்து, அங்கே அது தரிக்கும் வரைக்கும் கூட இருப்பதுதான் என் வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கும். நாலு வருடம் ஒரே மடியில் கிடந்த பிள்ளையை, பஸ் சத்தமும் வேற்று முகங்களும் வேற்றுப் பாஷையும் இருக்கிற ஓர் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும்.

பயிற்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அப்பா மாநகர சபையில் கிளார்க். வீடு கட்டுக்கலையில். உயர்தரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தவளைத் தெரிந்த ஒருவர் இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டார். படித்தோம், பரீட்சை எழுதினோம், களிமண்ணில் பழம் செய்தோம். பிறகு அக்குறணை, அலவத்துகொட, கெலிஓயா என்று பஸ் ஏறத் தொடங்கினேன். மழைக் காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறின படிக்கட்டுகளை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது.

எங்கள் நிலையத்தின் தலைவி குசுமா மிஸ், சிங்களப் பெண்மணி. கண்டிச் சேலை கட்டி, கொண்டை போட்டு, காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பார். தமிழ் பேசுவார், ஆனால் சின்னவர் பெரியவர் எல்லாரையும் 'நீ' என்றுதான். மரியாதைச் சொல் அவர் வாயில் நுழையாது. தாய்மார் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் இருந்தாலே தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஓரமாக வைத்துவிடுவார். "பிள்ளை சரியான பிடிவாதம் மிஸ்" என்று நான் ஆரம்பித்தால் கையை உயர்த்துவார்.

"ராணி, நீ நினைச்சது வேணாம். பார்த்தது சொல்லு."

பார்த்ததைச் சொல்லத் தொடங்கினால், நான் மூச்சு விடும் இடத்தில் எல்லாம் "ஈட்ட பஸ்ஸே?" என்பார். அதற்குப் பிறகு என்ன, என்று அர்த்தம்.

"பந்தைக் குடுத்தேன், எறிஞ்சிட்டான்."

"ஈட்ட பஸ்ஸே?"

"அழுதான்."

"ஈட்ட பஸ்ஸே?"

"அம்மா ஓடி வந்து தூக்கினாங்க."

"ஈட்ட பஸ்ஸே?"

"சிரிச்சான்."

அந்த இடத்தில் மிஸ் கண்ணாடியைக் கழற்றுவார். "அப்ப, பந்து எறிஞ்சா அம்மா வருது. நல்ல மூளை உள்ள பிள்ளை. நீ ஏன் பிடிவாதம் சொன்னது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயிலில் மலை ஏறி இறங்கி வந்தவளை ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடாமல் குறுக்கு விசாரணையா என்று முனகிக்கொண்டே வெளியே வருவேன். ஆனால் அடுத்த தடவை ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, என்னை அறியாமலே மனதுக்குள் அந்த 'ஈட்ட பஸ்ஸே' ஓடும்.

பிள்ளையை வகுப்பில் விடுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதல் நாட்களில் தாய் உட்காரும் கதிரை பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிறகு அலுமாரியின் பக்கம் போகும். பிறகு கதவடிக்கு, பிறகு விறாந்தைக்கு, பிறகு கேட்டுக்கு வெளியே. ஒவ்வொரு தடவையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கதிரையை நகர்த்த வேண்டும். தாய் களவாக நழுவக் கூடாது. "களவா போனா, அதுக்குப் பிறகு பிள்ளை விளையாட்டு பார்க்காது, கதவுதான் பார்க்கும்" என்பார் மிஸ். கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு தாய், கதிரை விறாந்தைக்குப் போன அன்றைக்கு ஏங்கி ஏங்கி அழுதாள். மகன் உள்ளே சாவகாசமாக மணி கோத்துக்கொண்டிருந்தான். சத்தம் தாங்க முடியாமல் எழுந்து வந்து, தாயை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய் மறுபடி மணி கோக்க உட்கார்ந்தான். நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்தத் தாயும் சேர்ந்துகொண்டாள்.

வகுப்பில் ஒரேயொரு கண்டிப்பு உண்டு. பத்து மணிச் சாப்பாட்டைப் பிள்ளை தன் கையாலேயே சாப்பிட வேண்டும். சிந்தலாம், கொட்டலாம், முகம் முழுக்கப் பூசிக்கொள்ளலாம், ஆனால் நாங்கள் ஊட்ட மாட்டோம். கல் மனசு என்று தோன்றும். வகுப்பில் ஒரு டீச்சரும் ஓர் உதவியாளும்தான். ஒரு பிள்ளைக்கு ஊட்ட உட்கார்ந்தால் மற்றதை யார் பார்ப்பது? புதுப் பிள்ளைக்கு ஒரு பள்ளித் தவணை பார்வைக் காலம் கொடுப்போம். அதற்குள் சாப்பாடு சரிவராவிட்டால், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படிப் போன பிள்ளை அடுத்த வருடம் திரும்பி வருவது அபூர்வம். வீட்டில் எல்லாரும் பழகிவிடுவார்கள், பிள்ளையும் ஜன்னல் கம்பியோடு பழகிவிடும்.

நுஹா அலவத்துகொடப் பிள்ளை. டவுன் சின்ட்ரோம். உருண்டை முகம், நெற்றியில் விழுகிற முடி, யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பு. பேச்சு நாலைந்து சொல்தான் வரும். அவளைக் கைக்குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும். கழுத்து நிற்க வைத்தது, உட்கார வைத்தது, நடக்க வைத்தது எல்லாம் அவள் உம்மா ஷிபானாவும் நானும்தான். என் சொந்தப் பிள்ளை நடந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை, நுஹா நடந்த நாள் ஞாபகம் இருக்கிறது.

வாப்பா ரிஸ்வான் நானாவுக்கு அக்குறணையில் பாத்திரக் கடை. மகளைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டே திரிகிற மனுஷன். அவள் வகுப்புக்குப் போவதில் அவருக்கு இஷ்டமே இல்லை.

"டீச்சர், என்ட புள்ளக்கி என்ன குற? ஊட்டுல எல்லாரும் ஈக்கிறாங்க. கண்டிக்கிப் போய்த்து அவ என்னத்த படிக்கப் போறா?"

"அவ வயசுப் புள்ளைங்களோட இருக்கப் படிப்பா நானா. நீங்களும் நானும் எத்தன நாளைக்கு இருப்போம்?"

இதைச் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

எல்லாம் பிரமாதமாகத்தான் நடந்தது. ஷிபானாவின் கதிரை மளமளவென்று விறாந்தைக்குப் போய்விட்டது. நுஹா பாட்டுக்குக் கை தட்டினாள், மணல் தொட்டியில் புரண்டாள், சிங்களப் பிள்ளைகளோடும் தமிழ்ப் பிள்ளைகளோடும் வாய் இல்லாமலே சண்டை போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பத்து மணி ஆகும். பிள்ளைகளைச் சின்னக் கதிரைகளில் உட்கார்த்தி, மேசையில் அவரவர் தட்டை வைப்போம். மற்றப் பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கும். நுஹா தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு பருக்கை வாயில் போகாது.

இடியப்பம் கொடுத்தோம், தள்ளிவிட்டாள். பால் சோறு கொடுத்தோம், தள்ளிவிட்டாள். ரிஸ்வான் நானா தட்டில்தான் பிழை என்று நினைத்துவிட்டார். பாத்திரக் கடைக்காரர் வேறு என்ன நினைப்பார்? முயல் படம் போட்டது, பூப் போட்டது, தடுப்பு வைத்தது, மேசையில் ஒட்டிக்கொள்கிறது என்று நாளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பினார். நுஹா எல்லாத் தட்டையும் ஆசையாகத் தடவிப் பார்ப்பாள், பிறகு தள்ளிவிடுவாள். அந்த ஒட்டிக்கொள்கிற தட்டைத் தள்ள முடியாமல் அவள் அழுத அழுகையில் வகுப்பே கலைந்துவிட்டது.

"ஊட்டுல நல்லாத் தின்ற டீச்சர், சத்தியமா" என்பாள் ஷிபானா. நான் நம்பவில்லை. ஊட்டித்தான் விடுகிறார்கள், சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். வெறும் வயிற்றோடு பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்டு போனாள். இரண்டாவது தடவையும் அப்படி ஆனதும் ரிஸ்வான் நானா நேராக நிலையத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு மரியாத ஈக்கி. ஆனா என்ட புள்ளய பட்டினி போட்டு என்ன படிப்பு? வார வியாழன் வரைக்கும் பாக்கிறேன். அதுக்குப் பிறகு அனுப்ப மாட்டேன். கோவிச்சிக்காதீங்க."

கோபிக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "நுஹா சாப்பாட்டை வேணாங்கிறா மிஸ். தள்ளி விட்டுர்றா."

"எங்க தள்ளுறது?"

"எங்கேன்னா... முன்னால. மேச நடுவுக்கு."

"கீழ விழுத்துறதா?"

"இல்ல மிஸ். மெதுவாத்தான் தள்ளுவா."

"ஈட்ட பஸ்ஸே?"

"எல்லார் மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பார்ப்பா."

"ஈட்ட பஸ்ஸே?"

"சும்மா உட்கார்ந்திருப்பா மிஸ்! வேற ஒண்ணும் இல்ல. காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி..."

சொல்லிவிட்டு நானே நிறுத்தினேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு?"

"தெரியல மிஸ்."

"நீ அந்த வீட்டில அது சாப்பிடுறது பார்த்ததா?"

நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குள் போய் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்த பழக்கம். ஆகையால் எத்தனையோ தடவை போயும், அவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் போய் முன்னாலேயே எழுந்து வந்துவிடுவேன். "நாளைக்கு சாப்பாட்டு நேரம் போ" என்றார் மிஸ்.

போனேன். நடு அறையில் பாய் விரித்திருந்தது. ஷிபானாவின் வீட்டில் அவள் ராத்தாவின், அதாவது அக்காவின், குடும்பமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பெரிய தட்டில் சோறு குவித்து, மேலே கறிகள் ஊற்றி வைத்திருந்தார்கள். சஹன் என்பார்கள். அக்குறணைப் பக்கக் கலியாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், நாலைந்து பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். இந்த வீட்டில் பிள்ளைகளுக்குத் தினமும் அப்படித்தான்.

அந்த வட்டத்தில் நுஹா மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். யாரும் ஊட்டவில்லை. தன் பக்கத்துச் சோற்றைத் தானே பிசைந்து, உருட்டி, வாயில் போட்டாள். அவள் எல்லைக்குள் கை நீட்டின பெரியம்மா மகனின் கையில் ஒரு அடி வைத்தாள். குளித்துவிட்டுப் பிந்தி வந்த ஒருத்திக்கு நகர்ந்து இடம் விட்டு, சஹனின் விளிம்பை அவள் பக்கம் தள்ளி, முகத்தைப் பார்த்தாள். அவள் கை வைத்த பிறகுதான் நுஹா மறுபடி சாப்பிட்டாள்.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பிள்ளை ஒரு நாளும் தட்டைத் தள்ளிவிடவில்லை. நடுவில் வைத்து எங்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் ஒருவரும் போகவில்லை. தன் தட்டில் தனியாகச் சாப்பிடுவது என்பதை அவள் வாழ்க்கையில் கண்டதே இல்லை. ஷிபானாவுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சோறு இப்படித்தான் தின்பது, இதில் என்ன இருக்கிறது?

எனக்கும் ஒரு தட்டு போட்டார்கள், தனியாக. "வாங்கோ டீச்சர், கை நனைங்கோ" என்று கூப்பிட்டாலும் நான் சஹனில் உட்கார மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். எச்சில் என்பது எங்கள் வீட்டில் பெரிய காரியம். ஒருவர் கடித்ததை மற்றவர் தொட மாட்டோம், தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்போம். அந்தச் சஹனைப் பார்த்தபோது நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டது உண்மை. அதோடு, அந்த வட்டத்துக்குள் இல்லாமல் சுவரோரம் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தது ஒரு மாதிரி வெறுமையாக இருந்ததும் உண்மை.

மறுநாள் ஓடோடிப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். வகுப்புக்கும் ஒரு சஹன் வைப்போம். இறைச்சி மீன் இல்லாமல் சோறு, பருப்பு, பூசணிக்காய் என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை. கொஞ்ச நாளில் மெதுவாகத் தனித் தட்டுக்குப் பழக்கிவிடலாம். மிஸ் யோசித்தார்.

"எல்லாத் தாயிடமும் கேள். ஒரு தாய் வேணாம் சொன்னாலும் வேணாம்."

"வேணாங்கிற புள்ளைய மட்டும் தனியா வைப்போமே மிஸ்?"

"ஒரு பிள்ளை வட்டத்துக்கு எடுக்க இன்னொரு பிள்ளை வெளிய போட மாட்டன்."

கேட்டேன். சிங்களத் தாய்மார் இருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மல்லிகா மட்டும் மாட்டேன் என்றாள்.

மல்லிகா எங்கள் தமிழ் ஆள். டவுனில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறாள். மகன் தினேஷுக்குப் பிறக்கும்போதே ஒரு பக்கக் கையும் காலும் இழுத்துவிட்டது, வாய்நீர் ஓயாமல் வடியும். காலையில் வாசற்படியில் அவனை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவாள், பன்னிரண்டுக்கு வாசற்படியிலேயே வாங்கிக்கொண்டு போவாள். அவன் வகுப்பில் சேர்ந்தபோது கதிரையில் உட்கார்ந்தது அவன் அப்பாதான். பத்து மணிக்கு அவனுக்கு எப்போதும் மேரி பிஸ்கட், வேறு ஒன்றும் வராது. "ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைங்க டீச்சர், வெளிய பார்த்துக்கிட்டே சாப்பிடுவான்" என்று சொல்லியிருந்தாள். அப்படியே செய்து வந்தோம்.

"ஏன் மல்லிகா வேணாம்?"

"வேணாங்க டீச்சர். ஒரே தட்டுலல்லாம் அவன உட்கார வைக்க வேணாம்."

"எச்சில் பார்க்கிறீங்களா? இல்ல, முஸ்லிம் புள்ள, சிங்களப் புள்ளைனு பார்க்கிறீங்களா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எப்படி வேணும்னாலும் வெச்சுக்குங்க" என்றாள். போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவளுடைய ஆசாரத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்பு பலியா? மிஸ்ஸிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். மிஸ் நான் முடிக்கும் வரைக்கும் கேட்டுவிட்டு, "அது நீ நினைச்சது" என்றார். பிறகு, "தட்டு தனித்தனி இருக்கட்டும். கதிரை எடு. பாய் போடு" என்றார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கீதா, உனக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். அந்தப் பையன் சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்கிறான் என்று பார். அவன் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போ. போய் வந்து என்னோடு பேசு, நான் கடிக்க மாட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ரிஸ்வான் நானா அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வேனோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். மகளைக் கையோடு கூட்டிப் போகத்தான். ஷிபானா விறாந்தையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸும் வந்து சுவரோரமாக நின்றார். பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தினேஷ் வழக்கம்போல ஜன்னலடியில், பாயின் ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நுஹாவின் முன்னால் தட்டை வைத்தேன். சோறும் பருப்பும். அவள் அதை மெதுவாக வட்டத்தின் நடுவுக்குத் தள்ளினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் தட்டு இருந்தது, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. முடிந்தது, இன்றோடு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

நுஹா எழுந்தாள். கதிரையில் மேசைக்குள் மாட்டிக்கொண்டு இருந்தவளுக்கு அன்றுதான் எழும்ப வழி இருந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். பாதிச் சோறு பாயில் கொட்டியது. ஆடி ஆடி ஜன்னலடிக்குப் போனாள். தினேஷுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில், அவனுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தாள். அவன் ஒருவன் முன்னால்தான் தட்டு இல்லை, பிஸ்கட்தானே. தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"வா" என்றாள்.

அவன் விழித்தான். அவள் ஒரு வாய் உருட்டித் தான் சாப்பிட்டாள். அடுத்த வாயை உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

நான் பாய்ந்து எழுந்தேன். மிஸ் என் கையைப் பிடித்தார்.

"இரு."

"மிஸ், அந்த அம்மா வேணாம்னு சொன்னாங்களே!"

"தெரியும். நாங்க கூப்பிடல்ல. பிள்ளை கூப்பிட்டது. இரு."

தினேஷின் வாயிலிருந்து பாதிச் சோறு வாய்நீரோடு தட்டில் வழிந்தது. நுஹா தன் சட்டை நுனியால் அவன் வாயையும் நாடியையும் துடைத்தாள். பிறகு வழிந்த அதே இடத்திலிருந்து அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தினேஷ் தன் நல்ல கையை நீட்டிச் சோற்றுக்குள் விட்டான். விறாந்தையிலிருந்து ஷிபானா கேட்டுப் பக்கம் ஓடினாள். "தின்ற! அவ தானாத் தின்ற! வந்து பாருங்கோ!" என்று அவள் கத்தினது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் கலவரத்தில்தான் கதவடியில் மல்லிகா நிற்பதைப் பார்த்தேன். தினேஷுக்கு அன்று கிளினிக் நாள், நேரத்தோடு வந்திருக்கிறாள். இன்றைக்கு இவளோடு ஒரு சண்டை இருக்கிறது என்று நான் வாயைத் தயார்படுத்திக்கொண்டேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ள அருவருக்கல்லியே டீச்சர்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க சொந்தத்துல ஒரு கலியாணம். பந்தியில இவன மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். இவனுக்கு ஜொள்ளு ஊத்துறதப் பார்த்துட்டு ரெண்டு பக்கமும் இருந்தவங்க எலய இழுத்துக்கிட்டாங்க. அதுல இருந்து சோறே குடுத்து அனுப்புறதில்ல. பிஸ்கட்டுன்னா சிந்தாது. ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தா மத்தப் புள்ளைங்க பார்க்க மாட்டாங்க. உங்க புள்ளைங்களும் தட்ட இழுத்துக்கிட்டா நான் என்னாங்க செய்வேன்?"

நுஹா நிமிர்ந்து பார்த்தாள். பிந்தி வந்த ஆள் ஒருத்தி நிற்கிறாள் என்று கண்டுகொண்டாள். சோற்றுக் கையோடேயே சுவர்ப் பக்கம் நகர்ந்து, பாயில் ஓர் இடம் உண்டாக்கி, தட்டின் விளிம்பை அந்தப் பக்கம் தள்ளினாள். மல்லிகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இவன் கூட ஒரு தட்டுல யாருமே சாப்பிட்டதில்ல டீச்சர்" என்றாள் மல்லிகா. "நான்கூட."

செருப்பைக் கழற்றிக் கதவடியில் விட்டாள். உள்ளே வந்தவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எத்தனையோ மாதமாக வாசற்படியோடு நின்று திரும்பிப் போனவளுக்கு எங்கள் வகுப்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"கை கழுவுற பைப் எங்கங்க டீச்சர்?" என்று கேட்டாள்.